ஃபியூஸ் மாற்றிய பிறகு

கலஹா
21.01.2024

அன்புள்ள மாப்பிள்ளை யோகராஜுக்கு,

பனியில் உன் அக்கா கலாவுக்கு வந்த இருமல் குறைந்துவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கொழும்புக்காரனாகி இரண்டு பணிஸோடு நாளை ஓட்டுகிறாயா?

ஃபோன் இருக்க இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று சிரிப்பாய். போன கிழமை நீ எடுத்தபோது எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நீ எதையோ கேட்க நான் எதையோ சொன்னேன் என்று கலா சிரிக்கிறாள். இங்கே டவர் அவ்வளவு மோசம். அதனால் இனி நமக்குள் தபால்தான்.

விஷயம் இதுதான். நீ எனக்குப் பூட்டித் தந்த ஆம்ப்ளிஃபயர் இப்போது சரியாகப் பாடுவதில்லை. ஸ்பீக்கர் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிய மாதிரி இருக்கிறது. பாட்டில் சலங்கை வரவேண்டிய இடத்தில் சலங்கை இல்லை. வயலின் மேலே போனால் போன இடம் தெரியவில்லை. சத்தத்தைக் கூட்டினால் உன் அக்கா லயத்து வீடெல்லாம் திரும்பிப் பார்க்கிறது என்று சண்டைக்கு வருகிறாள்.

நான் ஓட்டும் பஸ்ஸில் பேராதனைக் கெம்பஸுக்குப் போகும் ஒரு மஹத்தயா, படித்த சிங்களப் பெரியவர், முன் சீட்டில்தான் உட்காருவார். அவர் தன் வீட்டு செட்டில் ஃபியூஸை மாற்றினாராம், தங்க முலாம் பூசிய வெளிநாட்டு ஃபியூஸ். சத்தம் அப்படியே திறந்துகொண்டதாம். எஞ்சின் இரைச்சலில் அவர் சொன்னது பிடிபடாமல், பேப்பர் ஓரத்தில் எழுதி வாங்கினேன். ஆடியோ கடையில் வேலை செய்கிறவன் நீ. இது உண்மையா என்று எழுது.

கண்டக்டர் அம்ஜத் உனக்கு சலாம் சொல்லச் சொன்னான். பெல் கயிறு அறுந்து இரண்டு மாதமாம், இன்னும் கட்டவில்லை. ஒவ்வொரு ஹோல்ட்டிலும் முன்னுக்கு வந்து என் தோளில் தட்டுகிறான். பதினொரு வருஷம் ஒன்றாக ஓடியதில் அவனுக்குச் சோம்பல் பிடித்துவிட்டது.

பதிலைப் பார்த்திருக்கும்,
உன் மச்சான் ராஜலிங்கம்


கொழும்பு
30.01.2024

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

நான் நல்ல சுகம். பணிஸ் இல்லை, பக்கத்துக் கடையில் சோறுதான். அக்காவை இருமலோடு தண்ணீரில் நிற்க விடாதீர்கள்.

மச்சான், எனக்கு முதல் சோல்டரிங் அயன் வாங்கித் தந்தது நீங்கள். உங்களிடம் வியாபாரப் பேச்சுப் பேசமாட்டேன். ஃபியூஸ் என்பது கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கம்பி. கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் தான் எரிந்து செட்டைக் காப்பாற்றும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. பாட்டு அதன் வழியாகப் போவதே கிடையாது. கோயில் கேட்டைத் தங்கத்தில் செய்தாலும் உள்ளே இருக்கும் ஐயரின் தொண்டை மாறாது.

எங்கள் கடையிலும் அந்தச் சாமான் இருக்கிறது. பெரிய வீட்டுக்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். ஒரு நாள் நாங்கள் வேலைக்காரர்கள் ஐந்து பேர் செட்டைத் துணியால் மூடிவிட்டு, ஒருவர் மாற்றி மாற்றிப் போட, மற்றவர்கள் கேட்டுப் பார்த்தோம். எது எந்த ஃபியூஸ் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தபோது உங்கள் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. நான் கேட்டபோது சலங்கை நன்றாகவே கேட்டது. கோபிக்க வேண்டாம். முப்பது வருஷம் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த காது. கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு தரம் காட்டிவிடுங்கள்.

என்றும் உங்கள் அன்பை மறவாத
யோகராஜ்


கலஹா
06.02.2024

யோகராஜுக்கு,

சுகம்.

என் காதுக்கு ஒன்றும் இல்லை. செட் பழுது என்று சொன்னால் ஆளையே பழுது என்கிறாய். செவிட்டு டிரைவரிடம் எந்த முதலாளி பஸ்ஸைக் கொடுப்பான்? வரும் மார்ச்சில் லைசன்ஸுக்கு மெடிக்கல் இருக்கிறது. இந்தச் சொல் யார் காதிலாவது விழுந்தால் ஐம்பத்தேழு வயதில் நான் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து மூட்டையா தூக்குவது?

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீ படித்தவன். எனக்கு எழுதிக் கஷ்டப்பட வேண்டாம்.

ராஜலிங்கம்


கலஹா
22.04.2024

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது,

கடவுள் புண்ணியத்தில் நீ சுகமாக இருக்க வேண்டும். வருஷப் பிறப்புக்கும் நீ வரவில்லை. மன்னிப்புக் கேட்டு நீ எழுதிய இரண்டு கடிதத்தையும் அவர் பிரிக்காமல் வைத்துவிட்டார், நான்தான் படித்தேன்.

இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அம்ஜத்தான் தபாலில் போடுவார். நீயும் அம்ஜத் வீட்டு விலாசத்துக்கே எழுது. அவர் மனைவி ஜெஸீமா என்னிடம் தந்துவிடுவாள்.

தம்பி, நீ சொன்னது சரி. அவருக்குக் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதி விளங்குகிறது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. மார்ச் மெடிக்கலையும் டாக்டரின் வாயைப் பார்த்தே சமாளித்துவிட்டார். அம்ஜத்துக்கு இது போன வருஷமே தெரியும். பெல் கயிறு அறவில்லை. பெல் அடித்தால் அவருக்குக் கேட்காது என்றுதான் தோளில் தட்டுகிறார். தோட்டத்து மேல் டிவிஷன் முடக்கில், அந்த ஒடுங்கிய வளைவில், பஸ்ஸைப் பின்னெடுக்கும்போது கீழே இறங்கிப் பின்னால் நின்று, வரச் சொன்னால் இரண்டு தட்டும் நிற்கச் சொன்னால் ஒரு தட்டும் பின் தகரத்தில் ஓங்கித் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்கும் என்கிறார். அம்ஜத் இருக்கும்வரை பயமில்லை.

என் பயம் வேறு. அவர் அந்த செட்டைத் துணி போட்டு மூடிவிட்டார். ஞாயிறு முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். போன கிழமை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "காதும் போயிருச்சுன்னா நான் எதுக்கு கலா இருக்கணும்?" என்று கேட்டார்.

ஒரு ஃபியூஸ்தானே தம்பி. அனுப்பிவிடு. நீதான் பிழையாகச் சொன்னாய் என்று ஒரு வரி எழுது. உனக்கு அதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

உன் அக்கா
கலாராணி


கொழும்பு
05.05.2024

அன்புள்ள மச்சானுக்கு,

இதையாவது பிரிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது, சளித் தடிமன் தவிர வேறு கேடு இல்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி?

நான் அன்று வாய்க்கொழுப்பில் எழுதிவிட்டேன். அதன் பிறகு கடையில் ஒரு பெரிய செட்டில் இந்த ஜெர்மன் ஃபியூஸைப் போட்டுக் கேட்டோம். சில பாட்டுகளில் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. மேல் சத்தங்கள் தெளிகின்றன. நான் ஒரு தரம் கேட்டுவிட்டு முடிவு சொன்னது பிழை.

உங்களுக்கென்று ஒன்று எடுத்து அனுப்புகிறேன். பெட்டியில் அம்புக்குறி இருக்கிறது, அந்தப் பக்கமாகப் போடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

உங்கள் அன்பை வேண்டி,
யோகராஜ்


கொழும்பு
05.05.2024

அக்கா,

நீ சுகமாக இருந்தால் போதும்.

மச்சானுக்கு அனுப்பியிருப்பது எந்த மூலைக் கடையிலும் கிடைக்கும், பித்தளை முனை வைத்த கண்ணாடி ஃபியூஸ். பெட்டி மட்டும்தான் ஜெர்மன், கடையில் வெறுமனே கிடந்தது. அம்பியர் சரி, ஆபத்து ஒன்றும் இல்லை. சத்தம் ஒரு நூல்கூட மாறாது. அது தெரிந்ததும் அவர் இன்னும் உடைந்துபோவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீ கேட்டதால் செய்தேன்.

எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

யோகராஜ்


கலஹா
27.05.2024

என் அன்பு மாப்பிள்ளைக்கு,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. இங்கே எல்லோரும் சுகம். உன் அக்கா இரண்டு நாளாகச் சிரித்த முகமாக இருக்கிறாள்.

ஃபியூஸை வெசாக் பண்டிகை லீவில் போட்டேன். யோகராஜ், சலங்கை வந்துவிட்டது. வயலின் கூரைவரை போய்த் திரும்பி வருகிறது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடத் தெரிகிறது. அம்ஜத்தையும் ஜெஸீமாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். அம்ஜத் ரொம்ப நல்லா இருக்கு என்று தலையாட்டினான். கெம்பஸ் மஹத்தயாவிடமும் சொல்லிவிட்டேன். படித்த மாப்பிள்ளை தோற்றான், பஸ்காரன் ஜெயித்தான் என்று எழுதி ஃபிரேம் போட்டு மாட்டலாமா?

ஒன்று சொல்கிறேன், அக்காவிடம் சொல்லாதே. உன் முதல் கடிதத்துக்குக் கோபப்பட்டாலும் மனம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் காது கிளினிக்குக்கு நம்பர் எடுத்து வைத்திருந்தேன். ஜூன் பதினொன்று. இனி எதற்கு? அன்றைக்கு ஓட்டம் போகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

டெக்னீஷியன் நீ, உன் வாயால் சொல். காது கெட்டவனுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுமா? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் போடு.

மகிழ்ச்சியோடு,
ராஜலிங்கம்


கொழும்பு
04.06.2024

அன்புள்ள மச்சானுக்கு,

கொத்தமல்லி குடித்தேன், குணமாகிவிட்டது. உங்கள் கடிதம் கண்டு எனக்கும் சந்தோஷம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பிடிபடாது. ஃபியூஸ் மாற்றினால் வரும் வித்தியாசம் அவ்வளவு நுணுக்கமானது. எங்கள் கடையில் ஐந்து பேருக்குப் பிடிபடாதது உங்களுக்குப் பிடிபட்டிருக்கிறது என்றால், கூர்மையான காதுக்குத்தான் அது முடியும்.

அக்காவையும் அம்ஜத்தையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன்.

தோற்றுப்போன மாப்பிள்ளை,
யோகராஜ்


கலஹா
19.08.2024

தம்பி,

ஃபோனில் நான் அழுததில் உனக்கு என்ன விளங்கியதோ தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை மேல் டிவிஷன் முடக்கில், ஆள் ஏறுமுன், வெறும் பஸ்ஸைப் பின்னெடுத்தார். மழை. அம்ஜத் எப்போதும் போல இறங்கிப் பின்னால் நின்றார். சேற்றில் கால் வழுக்கி விழுந்து, எழும்பும்போது பஸ்ஸுக்கும் கல் மதிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். கையால் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார், பிறகு விடாமல் தட்டினாராம். கத்தினாராம். மேட்டில் மழைக்கு ஒதுங்கி நின்ற பெண்கள் எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். அவர் பஸ்ஸை நிறுத்தவில்லை. அவர்களில் மூக்காயி ஓடிவந்து முன் கண்ணாடியில் கூடையால் அடித்த பிறகுதான் பிரேக் பிடித்தார். இறங்கி வந்து என்ன என்று கேட்டாராம்.

அம்ஜத்தை அன்று மாலையே அடக்கம் செய்தார்கள். இவரைப் பொலிஸ் கொண்டு போனது. வரும் திங்கட்கிழமை கோர்ட்டில் பிணை கேட்பார்கள்.

கிளினிக்குக்கு நம்பர் எடுத்ததை எனக்கும் சொல்லவில்லை. அந்தத் துண்டு அவர் சட்டைப்பையில் இருந்தது, துவைக்க எடுத்தபோது பார்த்தேன். ஃபியூஸ் அனுப்பச் சொன்னது நான். அம்ஜத் இருக்கும்வரை பயமில்லை என்று எழுதியதும் நான்.

வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ சாப்பிடு.

கலா


கலஹா
08.09.2024

அன்புள்ள யோகராஜுக்கு,

நீ சுகம்தானே? பிணையில் வந்து பதின்மூன்று நாள். கலா சோறு வைக்கிறாள், நான் சாப்பிடுகிறேன்.

அம்ஜத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது. கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். மழை, சேறு, கால் வழுக்கியது என்று போனால் இது விபத்து என்கிறார் எனக்காகப் பேசும் சட்டத்தரணி. காது கேட்காமல் ஓட்டினான் என்று வந்தால் மறியல்தானாம், ஜெயிலுக்குள் போக வேண்டியதுதானாம். மேட்டில் நின்ற பெண்கள் பொலிஸில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். கேஸ் அடுத்த மாதம் இருபத்தெட்டு.

உன் ஜூன் மாதக் கடிதத்தைச் சட்டத்தரணியிடம் கொடுத்திருக்கிறேன். கூர்மையான காது என்று நீ உன் கையால் எழுதியிருக்கிறாய். நீ கொழும்பில் பெரிய கடையின் டெக்னீஷியன், உன் வார்த்தைக்கு மதிப்பு இருக்கும். வந்து அதையே கோர்ட்டில் சொல். ஃபியூஸ் மாற்றியதைக் கண்டுபிடித்த காது என்று சொல். கலாவுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உன்னையே நம்பி,
ராஜலிங்கம்


கொழும்பு
20.09.2024

மச்சான்,

உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் அனுப்பியது ஜெர்மன் ஃபியூஸ் இல்லை. அங்கே ஏற்கெனவே இருந்தது எதுவோ அதே சாதாரணக் கண்ணாடி ஃபியூஸ். பெட்டி மட்டும் மாற்றினேன். சத்தத்தில் வித்தியாசம் இருந்திருக்கவே முடியாது. முதல் கடிதத்தில் எழுதியதுதான் உண்மை. அதன் பிறகு நான் எழுதியது எல்லாம் பொய்.

ஜூன் மாதம் உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதலில் எழுதியதில், எதற்கும் பதினொன்றாம் திகதி கிளினிக்குக்குப் போய்விட்டு வாருங்கள் என்று ஒரு வரி இருந்தது. நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். மறுபடி பேச்சு நின்றுவிடும் என்று பயந்தேன். வேறு தாள் எடுத்து, அந்த வரி இல்லாமல் பார்த்து எழுதி அனுப்பினேன். அம்ஜத்தைக் கொன்ற பழியில் என் பங்கு அதுதான். இரவும் பகலும் அந்த ஒரு வரிதான் எனக்கு முன்னால் நிற்கிறது.

கோர்ட்டுக்கு வருகிறேன். வந்தால் இதைத்தான் சொல்வேன். உங்களை மறியலுக்கு அனுப்பும் கையும் என்னுடையதாகவே இருக்கிறது. திட்டியாவது எழுதுங்கள்.

யோகராஜ்


கலஹா
13.10.2024

யோகராஜ்,

கடிதம் கிடைத்தது. உனக்குத் தூக்கம் இல்லை என்று கலா சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ கோர்ட்டுக்கு வர வேண்டாம். உன் ஜூன் கடிதத்தைத் திருப்பி வாங்கிவிட்டேன். எனக்குக் கேட்கவில்லை என்று நானே சொல்லப் போகிறேன். சட்டத்தரணி பைத்தியமா என்று கேட்டார், அதுவும் வாயைப் பார்த்துத்தான் விளங்கியது.

நீ என்னை ஏமாற்றியதாக நினைத்து உருகாதே. வெசாக் லீவில் அந்த ஃபியூஸைப் போட்டுவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சலங்கை வரவில்லை. வயலின் வரவில்லை. ஸ்பீக்கரில் கையை வைத்து, அது நடுங்குகிறதா என்று பார்த்தேன். பிறகு எல்லாம் வந்துவிட்டதாக உனக்கு எழுதினேன். என் காது நல்ல காது என்று தெரிந்த ஒருவன் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நீ பொய் சொன்னாய். அதை நான்தான் உன்னிடம் கேட்டு வாங்கினேன்.

நேற்று நானும் கலாவும் அம்ஜத் வீட்டுக்குப் போனோம். ஜெஸீமா இத்தா இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் அவளைப் பார்க்கக் கூடாது. என்னை முன் அறையில் ஒரு கதிரையில் உட்கார வைத்தார்கள். அவள் திரைக்குப் பின்னால் இருந்தாள். கலா உள்ளே போய் அவளோடு இருந்தாள். கொஞ்ச நேரத்தில் திரை அசைந்தது. அவள் என்னிடம் ஏதோ கேட்கிறாள் என்று தெரிந்தது. வாயைப் பார்க்காமல் எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரை மறுபடியும் அசைந்தது. கடைசியில் கலா ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவந்து கையில் தந்தாள்.

"மௌத்தாகும்போது அவர் கலிமா சொன்னாரா? கிட்ட இருந்தது நீங்க மட்டுந்தானே அண்ணன்."

அவர்கள் சனம் கடைசி மூச்சில் சொல்ல வேண்டிய வார்த்தை அது. சொல்லிவிட்டுப் போனார் என்று தெரிந்தால் அவளுக்குப் போதும். மேட்டில் நின்ற பெண்களுக்கு மழையில் கூச்சல்தான் கேட்டதாம், சொல் கேட்கவில்லையாம். என் சீட்டிலிருந்து அவன் விழுந்த இடம் இருபது அடி இருக்காது.

சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

"கேக்கல தங்கச்சி. எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்றேன்.

அதற்கு அவள் அழுதாளா, என்னைச் சபித்தாளா, பேசாமல் இருந்தாளா, எனக்குத் தெரியாது. திரை அசையவில்லை. வரும் வழியில் கலாவை நிறுத்தி, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். கலா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

ராஜலிங்கம்